கணீரென்பதும் கிழிவதும்

மைக்செட் தொழிலில் வாடிக்கையாளர் சொல்லும் நிறைகுறைகள் எல்லாவற்றையும் இரண்டே சொற்களில் அடக்கிவிடலாம். பிடித்தால் 'கணீர்னு இருக்கு'. பிடிக்காவிட்டால் 'காது கிழியுது'. ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளன்று, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இந்த இரண்டையும் ஒரே வாயிலிருந்து ஒரே காலையில் கேட்கலாம். விடிந்தும் விடியாத நேரத்தில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு எழும்போது கோயிலடியில் உட்கார்ந்து வலை பின்னும் பெரியவர் தலையை ஆட்டுவார். பதினொரு மணிக்கு, அதே பாட்டு திரும்ப வரும்போது, "தம்பி, கொஞ்சம் குறைச்சு வையிப்பா" என்பார். குழாய் மாறவில்லை, பாட்டு மாறவில்லை. ஆம்ப்ளிபையரின் திருகு மட்டும் பாதிச் சுற்று ஏறியிருக்கும்.

அந்தப் பாதிச் சுற்றில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்த அத்தியாயம் பார்க்கிறது. செட் கட்டுகிறவர், அதற்குப் பணம் கொடுக்கும் விழாக் கமிட்டியார், அறிவிப்புக்காகக் கோயில் தூணில் நிரந்தரமாகக் குழாய் கட்டி வைத்திருக்கும் ஊர்ப் பஞ்சாயத்தார் ஆகிய மூவருக்கும் இது பொது.

குறைக்கச் சொன்னால் "பெருசுக்கு ரசனை இல்லை" என்பதும், ஏற்றினால் "பசங்களுக்குக் காது செத்துப்போச்சு" என்பதும் வழக்கமான வாதங்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கிழிசலில் பெரும்பங்கு கருவியின் கோளாறாகவோ, கருவியைக் கையாண்ட விதமாகவோதான் இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டுப் பிறகு ரசனைச் சண்டையை வைத்துக்கொள்ளலாம்.

முதலில் காது. அது எல்லா ஒலியையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சர், வில்டன் மன்சன் இருவரும் 1933இல் இதை அளந்து வெளியிட்டார்கள். மெல்லிய ஒலியில் காதுக்குப் பாஸ், அதாவது தாழ்ந்த தொனிகள், சரியாகவே எட்டுவதில்லை. ஒலி கூடக் கூடத்தான் பாஸ் தன் இடத்துக்கு எழுந்து வருகிறது. ஆனால் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள வட்டாரம் எப்போதுமே காதுக்குச் செல்லப்பிள்ளை. மிக மெல்லிய ஒலியிலும் அது கேட்கும். காரணம் உடலமைப்பு. காதுத்துளை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் செவிப்பறையால் மூடப்பட்ட குழல். பள்ளிக்கூடத்தில் பேனா மூடியின் வாயில் ஊதிச் சீட்டியடித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மூடிக்கு ஒரு சுருதி இருப்பதுபோல் காதுத்துளைக்கும் ஒரு சுருதி உண்டு. அது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது.

நமக்குக் 'கணீர்' என்று படுவதெல்லாம் இந்த வட்டாரத்தில்தான் குடியிருக்கிறது. சீர்காழி கோவிந்தராஜனுக்கு 'வெண்கலக் குரல்' என்று பெயர் வந்ததும், நாகூர் ஹனிபாவின் உச்சஸ்தாயி தெருமுனை தாண்டிக் கேட்டதும், நாதசுரம் ஊர்வலத்தின் கடைசி ஆளையும் எட்டுவதும் இதனால்தான். பேச்சில் ச, ட, க போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவதும் இந்த வட்டாரமே. ஆக, கணீரும் கிழிசலும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் அல்ல, ஒரே வீடு. அளவு மீறும்போது முதலில் வலிப்பதும் அங்கேதான்.

இப்போது குழாயைப் பாருங்கள். குப்பங்களில் 'குழாய்' அல்லது 'கோன்' என்றும், போலீஸ் உத்தரவுகளில் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' என்றும் வழங்கும் மடிப்பு ஹாரன், சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊமை. 6,000க்கு மேலும் அநேகமாக ஊமை. இடைப்பட்டதில், அதுவும் காதின் செல்லப்பிள்ளை வட்டாரத்தில், அதன் தொண்டை பலம் அபாரம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 முதல் 110 டெசிபெல் வரை தரும். வீட்டு டிவியோடு வரும் சின்னப் பெட்டி ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 85, 90ஐத் தாண்டாது. மின்சாரம் குறைவாக இருந்த காலத்தில், பத்து வாட்டில் ஊரைக் கூட்டிய கருவி அது. காந்தி, நேரு கூட்டங்களின் பழைய புகைப்படங்களில் மைக்கின் மேல் 'சிகாகோ ரேடியோ' என்ற பெயர்ப் பலகை தெரியும். அந்தக் கூட்டங்களில் கடைசி வரிசைவரை பேச்சைக் கொண்டுபோனது இத்தகைய ஹாரன்கள்தான்.

சிக்கல் எங்கே என்றால், பேச்சுக்குப் பிறந்த கருவியிடம் நாம் பாட்டின் நிறைவைக் கேட்கிறோம். பாட்டு 'நிறைவா இல்லை' என்று தோன்றும்போது உண்மையில் குறைவது பாஸ். வீட்டில் பெட்டி ஸ்பீக்கரில் திருகை ஏற்றினால் நிறைவு வருகிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் சொன்னபடி பாஸ் எழுந்து வருகிறது. அதே பழக்கத்தில் குழாயிலும் ஏற்றுகிறோம். குழாயில் எழுவதற்குப் பாஸே இல்லை. 3,000 ஹெர்ட்ஸ் மட்டும் மேலும் மேலும் ஏறுகிறது. நிறைவு வரவில்லையே என்று இன்னும் ஏற்றுகிறோம். பெரியவர் குறைக்கச் சொல்வதற்குள் திருகு பாதிச் சுற்று போயிருப்பது இப்படித்தான். குழாயில் நிறைவைத் தேடித் திருகைத் தொடாதீர்கள். பாட்டுக்கு நிறைவு வேண்டுமென்றால் பாக்ஸ் ஸ்பீக்கர் கட்டுங்கள். குழாய் அறிவிப்புக்கு இருக்கட்டும்.

ரசனையின் பங்கு எவ்வளவு? கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் பல்லாண்டுகள் ஒரு காரியம் செய்தார். எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வைத்து, ஆட்களை உட்காரவைத்து மதிப்பெண் போடச் சொன்னார். அவர் வழியில் ஷான் ஆலிவ் 2003இல் வெளியிட்ட ஆய்வில் 268 பேர் கேட்டார்கள். பயிற்சி பெற்றவர்களும் உண்டு, கடைக்காரர்களும் மாணவர்களும் உண்டு. பயிற்சி இல்லாதவர்கள் தாராளமாக மதிப்பெண் போட்டார்கள். ஆனால் எது முதல், எது கடைசி என்ற வரிசை ஏறத்தாழ ஒன்றேதான். எந்தத் தொனியும் துருத்திக்கொண்டு நிற்காத, சமனான ஒலியைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள். பிற்பாடு ஹெட்போன் ஆய்வுகளில் ரசனைப் பிரிவு எங்கே விழுகிறது என்பதும் தெரிந்தது: பாஸ் அளவில். சிலருக்குக் கூடுதல் பாஸ் வேண்டும், சிலருக்குக் குறைவாக வேண்டும். 'கிழிய வேண்டும்' என்று கேட்ட கூட்டம் எங்கும் அகப்படவில்லை.

குப்பத்துக் காதுகளுக்கென்று சில விசேஷங்கள் உண்டு. வருடக்கணக்கில் படகு எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தவரின் காது உயர்தொனிகளை முதலில் இழக்கிறது. அவருக்கு மெல்லிய ஒலி கேட்காது; ஆனால் ஒலி ஒரு அளவைத் தாண்டியதும் சட்டென்று தாங்க முடியாமல் போகும். கேட்பதற்கும் வலிப்பதற்கும் இடையே உள்ள படிகள் அவருக்குக் குறைந்துபோயிருக்கும். "என்ன சொல்றான்னே புரியல" என்று ஏற்றச் சொன்னவரே அடுத்த நிமிடம் காதைப் பொத்திக்கொள்வது நடிப்பல்ல. இப்படிப்பட்டவருக்கு ஒலியைக் கூட்டிப் பயனில்லை. தெளிவைக் கூட்ட வேண்டும்.

செட்காரரின் காது இன்னொரு விசேஷம். இரண்டு மணி நேரம் பெரிய ஒலியில் இருந்த காது தற்காலிகமாக மந்தமாகிறது. உயர்தொனிகள் தேய்ந்ததுபோல் தோன்றும். அவர் ட்ரெபிள் திருகைக் கொஞ்சம் ஏற்றுவார். இன்னொரு மணி நேரம் கழித்து இன்னும் கொஞ்சம். புதிதாக விழாவுக்கு வருகிறவருக்கு அது ஊசி. போதாக்குறைக்கு அவர் உட்காரும் இடம் பெரும்பாலும் குழாயின் முதுகுப் பக்கம். அங்கே உயர்தொனி வருவதே இல்லை. செய்ய வேண்டியது எளிது. காலையில், காது புதிதாக இருக்கும்போது சரியான அளவை வைத்துவிட்டு, திருகுகளின் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். மாலைவரை அந்தக் கோடுதான் எஜமான். சந்தேகம் வந்தால் வெளியிலிருந்து வந்த யாரையாவது கேளுங்கள். உங்கள் காதைக் கேட்காதீர்கள்.

இனி கருவி. கிழிசலின் தலையாய காரணம் ஆம்ப்ளிபையர் தன் எல்லையை முட்டுவது. தொழிலில் 'கிளிப் ஆகுது' என்பார்கள். ஒலி அலை மேலும் கீழும் வளைந்து போக வேண்டியது; கொடுக்க வோல்ட் தீர்ந்ததும் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலையில், பாட்டில் இல்லாத உயர்தொனிகள் புதிதாக முளைக்கின்றன. அவை நேராகப் போய் விழுவது காதின் அந்தச் செல்லப்பிள்ளை வட்டாரத்தில்.

250 வாட் ஆம்ப்ளிபையர் எப்படி முட்டும் என்று கேட்கலாம். இசையில் தவிலின் ஒரு அடி, சராசரி ஒலியைவிட 12 டெசிபெல் மேலே துள்ளுவது சாதாரணம். 12 டெசிபெல் என்றால் 16 மடங்கு சக்தி. அந்தத் துள்ளலுக்கு 250 வாட் வேண்டுமென்றால் சராசரியாக 15 வாட்டில்தான் ஓட்ட முடியும். 'இவ்வளவு பெரிய செட்டு வைத்துக்கொண்டு பதினைந்து வாட்டா' என்று கமிட்டியார் கேட்டால், மீதி முழுக்க தவிலுக்கு என்று சொல்லலாம்.

குப்பங்களில் இன்னொரு தொந்தரவு சேர்கிறது. மின்கம்பி வரிசையின் கடைசியில் உள்ள வீடுகளுக்கு 230 வோல்ட் வந்து சேர்வதில்லை; விழா நாளில் சீரியல் விளக்குகளும் எரியும்போது 190க்கு இறங்கினால், சாதாரண டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்ப்ளிபையரின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பகலில் நன்றாக இருந்த செட் இரவில் விளக்கு போட்டதும் கிழியத் தொடங்கினால் ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். மீட்டரை வைத்து வோல்ட் பாருங்கள். ஜெனரேட்டரில் விளக்குக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று பிரித்துக் கட்டுவது பலருக்கு வீண்செலவாகத் தோன்றும். காயில் எரிந்தால் ஆகும் செலவு அதைவிட அதிகம்.

காயில் சூடும் கவனிக்க வேண்டியது. குழாயின் பின்புறம் மாட்டும், ஒலியை உண்டாக்கும் யூனிட்டுக்குள் இருக்கும் செம்புக் காயிலின் மின்தடை, ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். 200 டிகிரி கூடினால் தடை ஏறக்குறைய 80 சதவீதம் அதிகம்; உள்ளே போகும் சக்தி பாதியை நெருங்கிக் குறையும். மதியம் ஒலி 'இறங்கிப்போச்சு' என்று தோன்றுவது இதனால். இறங்கியதென்று ஏற்றினால் இன்னும் சூடாகும். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். யூனிட்டுக்கு மட்டுமல்ல, ஊருக்கும்.

செல்போன் வந்த பிறகு முளைத்த ஒரு கோளாறு, கிழிசல் புகார்களில் வியக்கத்தக்க இடம் பிடித்திருக்கிறது. போனிலிருந்து வரும் ஒயரை ஆம்ப்ளிபையரின் மைக் துளையில் செருகுவது. மைக் துளை ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கை எதிர்பார்த்து நிற்கிறது. போனோ அதைப்போல நூறு மடங்கு அனுப்புகிறது. வாசலிலேயே அலை வெட்டுப்பட்டுவிடும். பிறகு எந்தத் திருகைக் குறைத்தாலும் கிழிசல் போகாது, கிழிசல் மெல்லியதாகக் கேட்கும், அவ்வளவுதான். போனுக்கு 'ஆக்ஸ்' என்று போட்ட துளை. அது இல்லாத பழைய செட்டென்றால் நடுவில் சின்ன மிக்ஸர். போனின் ஈக்வலைசர், 'பாஸ் பூஸ்ட்' எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

பாஸ் திருகைப் பற்றிப் பலரும் தலைகீழாகச் செய்வதையும் சொல்லிவிட வேண்டும். குழாய் கட்டியிருக்கும்போது பாஸ் திருகை ஏற்றினால் பாஸ் கேட்காது. யூனிட்டின் டயாபிரம் வீணாகத் துள்ளி, கேட்க வேண்டிய குரலையும் கரகரப்பாக்கும். குழாய்க்குப் பாஸ் திருகு முழுக்கக் கீழே. சில யூனிட்டுகளில் தொடராக ஒரு கெபாசிட்டர் வைத்து 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம், நல்ல வழக்கம். அதேபோல் 100 வோல்ட் லைனில் பல குழாய்களை இழுக்கும்போது ஒவ்வொன்றின் டிரான்ஸ்பார்மரிலும் வைத்த வாட்டைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் ஆம்ப்ளிபையரின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெருக்கோடியில் 'இன்னொரு குழாய்தானே' என்று மாட்டும் அந்த ஒன்றுதான் மொத்தத்தையும் கெடுக்கும்.

உப்புக்காற்றுக்கு வருவோம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கும் குப்பங்களில் இரு பக்கமும் உப்புத் தண்ணீர். அங்கே தூணிலேயே விட்டுவைத்த குழாயின் முனைகளில் களிம்பு ஏறும். காயில் ஓடும் மெல்லிய இடைவெளியில் ஈரமும் துருவும் சேர்ந்தால் காயில் உரசும். உரசும் காயிலின் அடையாளம் எளிது: மெல்லிய ஒலியிலும் கரகரக்கும். விழா முடிந்ததும் யூனிட்டைக் கழற்றி, துடைத்து, வீட்டுக்குள் வையுங்கள்; கூம்பை மட்டும் தூணில் விடலாம். ஒயர் முனைகளை வருடத்துக்கு ஒருமுறை நறுக்கிப் புதிதாகச் சீவுங்கள். முறுக்கிய முனையில் டேப் சுற்றுவது போதாது. ஈரத்தை அது உள்ளேயே பிடித்து வைக்கும்.

கிழிசலைக் கண்டுபிடிக்கும் வரிசை இனி தானாக விளங்கும். முதலில் திருகைப் பாதியாகக் குறையுங்கள். கிழிசல் மறைந்தால் எல்லையை முட்டியது ஆம்ப்ளிபையரோ யூனிட்டோ. வோல்ட்டையும் லைன் வாட்டையும் பாருங்கள். மறையாவிட்டால் பாட்டை நிறுத்தி மைக்கில் பேசுங்கள். பேச்சு நன்றாக இருந்தால் குற்றம் போன், ஒயர், துளை அல்லது பாட்டின் பதிவில். பேச்சும் கரகரத்தால் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் கரகரத்தால் காயில். எல்லாமே கரகரத்தால் ஆம்ப்ளிபையர். பாட்டின் பதிவிலேயே கோளாறு இருப்பதும் உண்டு. கடந்த இருபது முப்பது ஆண்டுகளின் சினிமாப் பாட்டுகளில் பல, மற்றப் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டுமென்று ஸ்டுடியோவிலேயே உச்சத்தில் நசுக்கப்பட்டவை. பென்டிரைவில் பத்துக் கை மாறி வந்த எம்பி3 அதையும் கெடுத்திருக்கும். இந்தப் பாட்டுகளைப் பழைய பாட்டைவிட ஒரு படி குறைத்தே வைக்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் 'ஒலி கூராக இருக்கிறது' என்று புகார் வந்தால் அப்போது ரசனையின் முறை. மிக்ஸரில் 'மிட்' திருகு இருந்தால் 2,500 ஹெர்ட்ஸ் பக்கம் மூன்று டெசிபெல் குறையுங்கள். பாஸ், ட்ரெபிள் மட்டுமே உள்ள செட்டில் ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்குங்கள். கமிட்டியில் இரு கட்சி இருந்தால் ஆலிவ் செய்ததைச் செய்யுங்கள். ஒரே பாட்டை இரண்டு அமைப்பில், எது எதுவென்று சொல்லாமல், ஒலிக்கவிட்டுக் கை தூக்கச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: இரண்டும் ஒரே ஒலியளவில் இருக்க வேண்டும். ஒரு டெசிபெல் கூடுதலாக இருப்பது எதுவோ அதையே 'நல்லாருக்கு' என்று காது சொல்லிவிடும். ஸ்பீக்கர் கடைக்காரர்களுக்கு இது பழைய ரகசியம்.

குழாயை எங்கே கட்டுவது என்பது கணக்கு. ஒரு மீட்டரில் 110 டெசிபெல் தரும் குழாய்க்கு 30 வாட் கொடுத்தால் அங்கே 125. தூரம் இரட்டிக்கும்தோறும் 6 குறையும். எட்டு மீட்டரில் இருக்கும் முதல் வீட்டு வாசலில் 107. 64 மீட்டரில் 89. 256 மீட்டரில் இன்னும் 77. தொழிலிடங்களுக்கான பாதுகாப்புக் கணக்கு 85 டெசிபெலுக்கு எட்டு மணி நேரம் தருகிறது. மூன்று டெசிபெல் ஏறும்தோறும் நேரம் பாதியாகும். 107 டெசிபெல் தொடர்ந்து ஒலித்தால் அந்த வீட்டுக்காரருக்கு ஒரு நாள் முழுமைக்கும் கிடைக்கும் நேரம் நான்கு நிமிடத்துக்கும் குறைவு. ஊர்க்கோடிக்குக் கேட்க வேண்டுமென்று முதல் வீட்டைப் பலி கொடுப்பதைவிட, தெருவுக்கு ஒன்றாகச் சின்னப் பாக்ஸ் நான்கைந்து கட்டி ஒவ்வொன்றையும் மெல்ல ஓட்டுவது மேல். உயரமாகக் கட்டி, வாயைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் முதல் வீடும் தப்பும்.

ஏரியை நோக்கி மட்டும் திருப்பாதீர்கள். பழவேற்காடு ஏரி ஆழமில்லாதது. மாலையில் காற்று ஓய்ந்ததும் தண்ணீர்ப்பரப்பின் மேல் குளிர்ந்த காற்று படிந்து, அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று நிற்கும். மேலே போக வேண்டிய ஒலி அங்கே வளைந்து திரும்பக் கீழே இறங்கும். கரையில் தேயவேண்டிய ஒலி தண்ணீர் தாண்டி எதிர்க்கரைக் குப்பத்தில் போய் இறங்குவது இப்படித்தான். கொண்டல் வீசும்போது கடலோரக் குப்பத்தின் பாட்டு உள்நாட்டு ஊருக்குத் தெளிவாகக் கேட்பதும் இதே வளைவினால்தான். பூநாரைகளும் மற்ற வலசைப் பறவைகளும் தங்கும் மாதங்களில் இது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். ஏரி, தான் பரவியிருக்கும் இரு மாநிலங்களிலும் பறவைகள் சரணாலயம்.

சட்டத்தைச் சுருக்கமாகத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. எழுத்தில் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் அதிகபட்சம் 15 நாள் மட்டும் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபெல். பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்குரிய வரம்பைவிட 10 அதிகம் அல்லது 75, இரண்டில் எது குறைவோ அது. மேலே போட்ட கணக்கில் 256 மீட்டரிலும் 77 வந்ததை நினைவில் வையுங்கள். மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாகலாம். கூம்பு வடிவக் குழாய்க்கு அனுமதி மறுத்து, பாக்ஸ் மட்டும் கட்டச் சொல்லிக் காவல்துறை நிபந்தனை போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அனுமதிக் கடிதத்தைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

மதத்தைச் சொல்லி விலக்குக் கேட்க முடியாது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக்காரர்கள் ஒரு திருச்சபையின் ஒலிபெருக்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2000 ஆகஸ்டில் தீர்ப்பானது. பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்வதில்லை என்றது நீதிமன்றம். அம்மன் கோயிலும் மகிமை மாதா ஆலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து இருக்கும் பழவேற்காட்டில் இந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் சமமாகப் பொருந்துகிறது.

சட்டத்தின் இரவும் குப்பத்தின் இரவும் ஒன்றல்ல என்பதையும் செட்காரர் அறிந்திருக்க வேண்டும். விடியுமுன் கடலுக்குப் போகிறவர் எட்டு மணிக்கே படுத்துவிடுவார். இரவில் ஏரியில் இறாலுக்கு வலை போட்டவருக்குக் காலை எட்டு மணிதான் நடுநிசி. பத்து மணிவரை சட்டம் தடுக்காது என்பதற்காக அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு நேராகக் குழாய் வாயைத் திருப்புவது அராஜகம். எந்தத் தெருவில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கோயில் தூணில் இருக்கும் அந்த ஒற்றைக் குழாயை மட்டும் விழாக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதன் வேலை வேறு. புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையம், 1990களின் இறுதியிலிருந்து, அலை உயரக் கணிப்பை இணையத்தில் எடுத்துக் கடற்கரைக் குழாயில் தமிழில் அறிவித்து வந்தது. அதே நிறுவனத்தின் மையம் நல்லவாட்டிலும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் மையத்தின் பூட்டிய கதவை உடைத்து உள்ளே போய், அங்கிருந்த ஒலிபெருக்கியில் ஊரைக் கூப்பிட்டார்கள். படகுகளும் வீடுகளும் போயின. சுமார் 3,600 பேர் கொண்ட ஊர் தப்பியது.

அன்று அந்தக் குழாய் கரகரத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பார்த்துவிட்டு உங்கள் ஊர்க் குழாயைச் சோதியுங்கள். அறிவிப்புக்கு அமைப்பு வேறு: பாஸ் முழுக்கக் கீழே, ட்ரெபிள் நடுவில், எக்கோ அறவே கிடையாது. மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்து, கத்தாமல், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஒரு மூச்சு விட்டுப் பேச வேண்டும். தெருவின் இரு கோடியிலும் குழாய் இருந்தால் ஒன்றின் ஒலி மற்றதைத் துரத்தும். நிறுத்தி நிறுத்திப் பேசினால்தான் சொல் விளங்கும்.

மாதம் ஒருமுறை, காற்று வீசும் ஒரு பிற்பகலில், ஒருவர் மைக்கில் பத்து எண்களைத் தாறுமாறான வரிசையில் படிக்கட்டும். இன்னொருவர் ஊரின் கடைசி வீட்டு வாசலில் நின்று, கேட்டதை எழுதிக்கொண்டு வரட்டும். காது மந்தமான பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. பத்தில் எட்டுக்குக் குறைவாகச் சரியாக வந்தால் குழாயின் திசையை மாற்றுங்கள், யூனிட்டைக் கழற்றிப் பாருங்கள், களிம்பைச் சுரண்டுங்கள். வால்யூம் திருகைத் தொட வேண்டாம்.